பெரியப்பா பேர்ல பேங்க்ல போட்டுவிட்ட மியூச்சுவல் ஃபண்ட்: அந்த ஸ்டேட்மென்ட்டை படிக்கிறது எப்படி

நம்ம வீடுகள்ல இது அடிக்கடி நடக்குறது தான். ரிட்டயர் ஆனவர் எஃப்.டி. ரினியூ பண்ண பேங்க்குக்கு போவார், திரும்பி வரும்போது ஏதோ ஒரு மியூச்சுவல் ஃபண்ட்ல கையெழுத்து போட்டுட்டு வருவார். என்ன ஃபண்ட்னு கேட்டா "பேரு ஞாபகம் இல்லப்பா, அந்த தம்பி நல்ல பையன், எஃப்.டி.ய விட நல்லா வரும்னான்" அப்படின்னு பதில் வரும். எங்க பெரியப்பா 2017ல இப்படித்தான் மாட்டினார். எந்த பேங்க்னு சொல்லப் போறதில்ல, எல்லா பேங்க்லயும் அந்த தம்பி இருக்கான். போன வருஷம் கண் ஆபரேஷனுக்கு பணம் எடுக்கணும்னப்ப தான் அவரோட பைல கொட்டி நான் பாத்தேன், மொத்தம் ஏழு ஃபோலியோ (ஃபண்ட் கம்பெனியில நம்ம பேர்ல இருக்கற கணக்கு), அதுல ரெண்டு இருக்குன்னே அவருக்கு தெரியாது. அந்த ரெண்டு மூணு வாரத்துல நான் கத்துக்கிட்டத தான் இங்க எழுதுறேன். எந்த ஃபண்ட் வாங்கலாம்னு இதுல தேடாதீங்க, ஏற்கனவே வாங்கிக் கிடக்குறத எப்படி படிக்கிறதுன்னு மட்டும் தான்.

மொதல்ல பேங்க்குக்கு போகாதீங்க. போனா எடுத்துட்டு வேற புதுசா போடச் சொல்வாங்க, அதுக்கு காரணம் கீழ வருது. உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு பி.டி.எஃப்., அதுக்கு பேரு கன்சாலிடேட்டட் அக்கவுண்ட் ஸ்டேட்மென்ட், சுருக்கமா சி.ஏ.எஸ். இந்தியாவுல ஃபண்ட் கம்பெனிங்க நாப்பதுக்கு மேல இருந்தாலும் கணக்கு எழுதுறது கிட்டத்தட்ட ரெண்டே பேர் தான், ஒண்ணு நம்ம சென்னையில இருக்கற கேம்ஸ், இன்னொன்னு ஹைதராபாத் கே.ஃபின்டெக். இவங்கள ரெஜிஸ்ட்ரார்னு சொல்வாங்க. ரெண்டு பேர்ல யாரோட வெப்சைட்டுக்கு போனாலும் சி.ஏ.எஸ். கேக்கலாம், ரெண்டு இடத்து கணக்கும் சேந்தே வரும், இல்லன்னா ரெண்டு பேரும் சேந்து நடத்துற எம்.எஃப். சென்ட்ரல்ல எடுக்கலாம். கேக்கும்போது சம்மரி வேண்டாம், டீடெய்ல்டுனு குடுங்க, ஆரம்பத்துல இருந்துன்னு தேதி குடுங்க, ஜீரோ பேலன்ஸ் ஃபோலியோவும் சேத்து கேளுங்க. பாஸ்வேர்ட் நீங்களே வைக்கிறது தான்.

இங்க தான் மொத முட்டுக்கட்டை. ஃபோலியோவுல பதிஞ்ச இ-மெயில் எதுவோ அதுக்கு தான் அது வரும். பெரியப்பாவுக்கு இ-மெயிலே கிடையாது, ஆனா ரெண்டு ஃபோலியோவுல ஒரு இ-மெயில் இருந்துச்சு, யாரோடதுன்னு பாத்தா அந்த பேங்க் தம்பியோடது! ஏழு வருஷமா ஸ்டேட்மென்ட் எல்லாம் அவனுக்கு தான் போயிருக்கு, அவன் வேல மாறியே பல வருஷம் ஆச்சு. இந்த மாதிரி இருந்தா கேம்ஸ் இல்ல கே.ஃபின்டெக் ஆபீஸ் பெரிய ஊர்கள்ல எல்லாம் இருக்கு, நேர்ல பான் கார்டு ஆதார் எடுத்துட்டு போயி மொபைல் நம்பர், இ-மெயில் மாத்தற ஃபார்ம் குடுங்க. முதலீட்டாளரே கையெழுத்து போடணும், பழைய கையெழுத்தோட ஒத்துப் போகணும், வயசானவங்களுக்கு கை நடுங்கி கையெழுத்து மாறியிருந்தா பேங்க்ல அட்டெஸ்ட் வாங்க வேண்டி வரும், அத மொதல்லயே கேட்டுட்டு போங்க, ரெண்டு அலைச்சல் மிச்சம்.

பி.டி.எஃப். வந்தாச்சுன்னு வைங்க. தொறந்ததும் எல்லாரும் கீழ மார்க்கெட் வேல்யூ எவ்ளோன்னு ஓடுவாங்க, நானும் ஓடினேன். அத விட்டுட்டு ஸ்கீம் பேர் இருக்கற வரிய பாருங்க, மொத்த கதையும் அந்த ஒரு வரியில இருக்கு. ஃபண்ட் கம்பெனி பேர், ஸ்கீம் பேர், அப்புறம் ஒரு கோடு போட்டு ரெகுலர் பிளான் இல்லன்னா டைரக்ட் பிளான்னு இருக்கும், அப்புறம் குரோத் இல்லன்னா ஐ.டி.சி.டபிள்யூ.னு இருக்கும், பக்கத்துல அட்வைசர்னு போட்டு ஏ.ஆர்.என்.னு ஆரம்பிச்சு ஒரு நம்பர் இருக்கும்.

அந்த ஏ.ஆர்.என். தான் உங்களுக்கு வித்தவரோட நம்பர், ஃபண்ட் கம்பெனிங்களோட சங்கமான ஆம்ஃபி குடுக்கறது. ரெகுலர் பிளான்னா உங்க பணத்துல இருந்து ஒவ்வொரு வருஷமும் அவருக்கு கமிஷன் போகும், பணம் உள்ள இருக்கற வரைக்கும் போகும். தனியா பில் வராது, என்.ஏ.வி.யிலயே, அதாவது ஒரு யூனிட்டோட விலையிலயே, கழிச்சுட்டு தான் காட்டுவாங்க, அதனால வலிக்காது. முன்னாடியெல்லாம் போடும்போதே 2 சதவீதத்துக்கு மேல என்ட்ரி லோடுனு எடுத்துட்டு இருந்தாங்க, பங்கு மார்க்கெட்டயும் ஃபண்டுங்களயும் கண்காணிக்கிற செபி 2009 ஆகஸ்ட்ல அத தூக்கிடுச்சு, 2013 ஜனவரியில இருந்து இடையில ஆள் இல்லாம வாங்குறதுக்கு டைரக்ட் பிளான்னு ஒண்ணு கட்டாயமா வைக்கச் சொல்லிடுச்சு. ரெண்டும் ஒரே ஃபண்ட், ஒரே மேனேஜர், ஒரே பங்குகள், கமிஷன் மட்டும் தான் வித்தியாசம். ஈக்விட்டி ஃபண்ட்ல, அதாவது பங்குகள்ல போடற ஃபண்ட்ல, இந்த வித்தியாசம் வருஷத்துக்கு அரை சதவீதத்துல இருந்து ஒரு சதவீதம், சிலதுல அதுக்கு மேல.

ஒரு சதவீதம் தானேன்னு தோணும். மாசம் 5,000 வீதம் 20 வருஷம் போடறீங்க, நீங்க போட்டது 12 லட்சம். 12 சதவீதம் வளர்ந்தா ஏறக்குறைய 50 லட்சம், 11 சதவீதம்னா 43 லட்சத்து 70 ஆயிரம் கிட்ட. ஆறு லட்சத்துக்கு மேல இடைவெளி. (12 வரும்னு நான் சொல்லல, சும்மா கணக்குக்கு.) ஒழுங்கா வீட்டுக்கு வந்து, மார்க்கெட் விழும்போது "எடுக்காதீங்க சார்"னு தடுத்து நிறுத்துற டிஸ்ட்ரிப்யூட்டர் இருந்தா அந்த காசு தாராளமா குடுக்கலாம், அப்படி ஆளுங்களும் இருக்காங்க. ஆனா ஏழு வருஷமா ஒரு ஃபோன் கூட பண்ணாதவனுக்கு எதுக்கு? உங்களுக்கு எவ்ளோ கமிஷன் போச்சுன்னு ரூபா கணக்குல தெரியணும்னா, அரை வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற சி.ஏ.எஸ்.ல அது போட்டிருக்கும், அந்த பக்கத்த யாரும் படிக்கிறதில்ல.

பேங்க்ல ஏன் எடுத்துட்டு புதுசா போடச் சொல்றாங்கன்னா, அவங்களுக்கு வருஷா வருஷம் டார்கெட் உண்டு, பழைய பணம் சும்மா கிடந்தா டார்கெட்ல சேராது, அவ்ளோதான்.

அடுத்தது அந்த ஐ.டி.சி.டபிள்யூ. இது தான் பெரியப்பாவ சாய்ச்சது, கொஞ்சம் நிதானமா பாக்கலாம். 2021 ஏப்ரலுக்கு முன்னாடி இதுக்கு பேரு டிவிடெண்ட் ஆப்ஷன். 2016, 17 வாக்குல பங்கும் பாண்டும் கலந்து வச்சிருக்கற பேலன்ஸ்டு ஃபண்டுங்கள மாசா மாசம் டிவிடெண்ட் வரும்னு சொல்லி ரிட்டயர் ஆனவங்க கிட்ட நாடு முழுக்க வித்தாங்க. பெரியப்பா அத வட்டின்னே நினைச்சுட்டார், டைரியில கூட "ஃபண்ட் வட்டி"ன்னு தான் எழுதி வச்சிருக்கார். அது வட்டி இல்லீங்க. 20 ரூபா என்.ஏ.வி. இருக்கற ஃபண்ட் யூனிட்டுக்கு 20 பைசா டிவிடெண்ட் குடுத்தா மறுநாள் என்.ஏ.வி. 19.80 ஆயிடும், மார்க்கெட் அசையாம இருந்தா. உங்க சட்டையோட இடது பாக்கெட்ல இருந்து எடுத்து வலது பாக்கெட்ல போடறாங்க, நடுவுல வரி வேற. 2018 பட்ஜெட்ல ஈக்விட்டி ஃபண்ட் டிவிடெண்ட்டுக்கு 10 சதவீதம் வரி போட்டாங்க, 2020ல இருந்து அத மாத்தி வாங்குறவரோட வருமானத்துல சேத்து ஸ்லாப் படி கட்டணும்னு ஆக்கிட்டாங்க. 2018ல மார்க்கெட்டும் தள்ளாட ஆரம்பிச்சதும் பெரியப்பா டைரியில வட்டி குறைஞ்சுது, அப்புறம் சில மாசம் வரவே இல்ல. ஸ்டேட்மென்ட்ல வரிசையா பாத்தா அவருக்கு வந்ததுல பாதிக்கு மேல அவர் போட்ட பணமே தான். அந்த பேர மாத்தி "வருமானம் மற்றும் மூலதனம் பிரிச்சுக் குடுத்தல்"னு வர்ற மாதிரி செபி வச்சதே இந்த குழப்பத்துக்காக தான், ஆனா ஐ.டி.சி.டபிள்யூ.னு சுருக்கினதுல பழைய பேர விட யாருக்கும் புரியாம போச்சு, அது வேற விஷயம்.

மாசா மாசம் பணம் வேணும்னா குரோத் ஆப்ஷன்ல (லாபத்த பிரிச்சுக் குடுக்காம ஃபண்ட்லயே விடறது) வச்சுட்டு எஸ்.டபிள்யூ.பி. போடுங்க, அதாவது இவ்ளோ ரூபா மாசம் எடுத்து பேங்க்ல போடுன்னு நீங்க சொல்றது. அப்ப எவ்ளோ வருதுன்னு உங்களுக்கு தெரியும், எடுக்கறது லாபமா முதலான்னும் தெரியும்.

இப்ப கீழ இருக்கற வரிகள். தேதி, என்ன நடந்தது, தொகை, யூனிட், என்.ஏ.வி., பாக்கி யூனிட்னு இருக்கும். மாசா மாசம் தானா போற எஸ்.ஐ.பி.ல 5,000 போயிருந்தா 2020 ஜூலைக்கு அப்புறம் வந்ததுல எல்லாம் 4,999.75னு இருக்கும், பெரியப்பா கேட்டது இதுதான், 25 பைசா எங்கடா? அது ஸ்டாம்ப் ட்யூட்டி, 0.005 சதவீதம். மிச்சத்த அன்னிக்கு என்.ஏ.வி.யால வகுத்தா யூனிட். என்.ஏ.வி. 62.50னா 79.996 யூனிட். ஒரு வரிய மட்டும் கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க, சரியா வந்தா அப்புறம் பயம் போயிடும்.

என்.ஏ.வி.ன்னா ஃபண்ட் கிட்ட இருக்கற மொத்த சொத்துல செலவ கழிச்சு, யூனிட்டால வகுத்தது, அவ்ளோதான். அது கம்மியா இருந்தா சல்லிசுன்னு அர்த்தம் இல்ல. "சார் புது ஃபண்ட், பத்து ரூபாய்க்கு கிடைக்குது"ன்னு என்.எஃப்.ஓ. விப்பாங்க. 10,000 ரூபாய்க்கு 10 ரூபா என்.ஏ.வி.ல 1,000 யூனிட், 500 ரூபா என்.ஏ.வி.ல 20 யூனிட், ரெண்டும் 10 சதவீதம் ஏறினா ரெண்டுமே 11,000 தான். பெரியப்பாவோட ஏழுல மூணு என்.எஃப்.ஓ., காரணம் உங்களுக்கே புரியும்.

இந்த என்.ஏ.வி.ய தினம் போடணும்னு இப்ப சட்டம் இருக்கறதால நமக்கு அதோட அருமை தெரியல. அந்த காலத்துல எல்லா வீட்லயும் யூ.டி.ஐ. யூனிட் இருக்கும், யூ.எஸ்.-64னு 1964ல ஆரம்பிச்சது, பார்லிமென்ட் சட்டம் போட்டு உண்டாக்கின நிறுவனம், 1987 வரைக்கும் வேற மியூச்சுவல் ஃபண்டே நாட்டுல கிடையாது. அதுல வாங்குற விலை, விக்கிற விலைய அவங்களே அறிவிப்பாங்க, உள்ள இருக்கற சொத்தோட மதிப்புக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கணும்னு இல்ல. அது கவர்மென்ட் சமாச்சாரம்னு யாரும் கேக்கல. 2001 ஜூலையில திடீர்னு விக்கவும் முடியாது வாங்கவும் முடியாதுன்னு நிறுத்திட்டாங்க, 2003ல யூ.டி.ஐ.யவே ரெண்டா பிரிச்சாங்க. பெரியப்பா அதுலயும் மாட்டினவர் தான், அப்படியும் 2017ல கையெழுத்து போட்டார்னா பாத்துக்கங்க. அதுக்கு நடுவுல 1993ல தனியாருக்கு கதவு தொறந்தப்ப மொத தனியார் ஃபண்டா வந்த கோத்தாரி பயனியர் நம்ம சென்னைக்காரங்க ஆரம்பிச்சது, பின்னாடி ஃப்ராங்க்ளின் டெம்பிள்டன் வாங்கிட்டாங்க.

"ஃபண்டு"ன்னாலே பணத்த எடுத்துட்டு ஓடிடுவாங்கன்னு எங்க பெரியம்மா சொல்வாங்க. அவங்க மனசுல இருக்கறது தொண்ணூறுகள்ல வட்டி அள்ளிக் குடுக்கறேன்னு சொல்லி மூடிட்டுப் போன ஃபைனான்ஸ் கம்பெனிங்களும் பெனிஃபிட் ஃபண்டுங்களும், அந்த பயம் நியாயமானது தான். ஆனா இது வேற அமைப்பு. உங்க பணம் ஃபண்ட் கம்பெனி கல்லாவுல இல்ல. ஒரு டிரஸ்ட் இருக்கும், பங்கும் பாண்டும் அந்த டிரஸ்ட்டுக்கு சொந்தம், அத பத்திரமா வச்சிருக்கறது கஸ்டோடியன்னு தனி ஆள், ஏ.எம்.சி.ங்கற ஃபண்ட் கம்பெனி கூலிக்கு நிர்வாகம் பண்றது மட்டும் தான். அதனால ஏ.எம்.சி. கை மாறினாலும் மூடினாலும் உங்க யூனிட் கரைஞ்சு போயிடாது. மார்க்கெட் விழுந்தா மதிப்பு விழும், அத எந்த டிரஸ்ட்டும் தடுக்காது, இது ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்க.

கடன் ஃபண்ட், அதாவது டெட் ஃபண்ட் வச்சிருந்தா "அதுல ரிஸ்க் இல்ல"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2020 ஏப்ரல் 23ஆம் தேதி ஃப்ராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு டெட் ஸ்கீம ஒரே நாள்ல மூடினாங்க. ரேட்டிங் கம்மியான கம்பெனிகளோட பாண்டுகள் நிறைய, கொரோனா லாக்டவுன்ல எல்லாரும் பணத்த திருப்பிக் கேக்க, அந்த பாண்ட வாங்க மார்க்கெட்ல ஆளே இல்ல. பின்னாடி பாண்டுகள கொஞ்சம் கொஞ்சமா வித்து பணத்த தவணையா குடுத்தாங்க, ஆனா பொண்ணு கல்யாணத்துக்கு வச்சிருந்தவங்களுக்கு தவணையில வந்து என்ன பிரயோஜனம். ஃபண்ட் கம்பெனி வெப்சைட்ல போர்ட்ஃபோலியோ போடுவாங்க, அதுல ஏ.ஏ.ஏ. (உச்ச ரேட்டிங்), சாவரின் (அரசாங்க பாண்டு)னு எவ்ளோ சதவீதம், அதுக்கு கீழ ஏ.ஏ., ஏ.ன்னு எவ்ளோன்னு பாத்தா போதும். கூடவே ரிஸ்கோமீட்டர்னு முள்ளு வச்ச படம் ஒண்ணு இருக்கும், ஆறு கட்டம், முள்ளு வலது கோடியில இருந்தா ரொம்ப ஜாஸ்தி ரிஸ்க்னு அர்த்தம், எழுபது வயசுக்காரர் பணம் அங்க எவ்ளோ இருக்குன்னு கூட்டிப் பாருங்க.

இப்ப நிறைய பேர் அவசரப்படற இடம். ரெகுலர்ல இருக்கா, உடனே டைரக்ட்டுக்கு மாத்துடான்னு ஸ்விட்ச் பட்டனை அமுக்கிடுவாங்க. ஸ்விட்ச்ன்னா சட்டப்படி வித்து வாங்குறது. வித்தா வரி, சில ஃபண்ட்ல எக்சிட் லோடும் (சீக்கிரம் எடுத்தா பிடிக்கிற கட்டணம்) உண்டு. ஈக்விட்டி ஃபண்ட்ல பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள்ள எடுத்தா 1 சதவீதம், அதுவும் எஸ்.ஐ.பி.ன்னா ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியா ஒரு வருஷம், மொத தவணை போட்டு வருஷம் ஆயிடுச்சேன்னு மொத்தத்தையும் எடுத்தா கடைசி பதினோரு பன்னெண்டு தவணைக்கு பிடிப்பாங்க. வரி, 2024 ஜூலை 23க்கு அப்புறம் விக்கிறதுக்கு இப்படி: ஈக்விட்டி ஃபண்ட் ஒரு வருஷத்துக்கு மேல வச்சிருந்தா ஒரு நிதியாண்டுல 1.25 லட்சம் லாபம் வரைக்கும் வரி இல்ல, அதுக்கு மேல 12.5 சதவீதம், ஒரு வருஷத்துக்குள்ளன்னா 20 சதவீதம். டெட் ஃபண்ட் 2023 ஏப்ரல் 1க்கு அப்புறம் வாங்கினதுன்னா எவ்ளோ நாள் வச்சிருந்தாலும் ஸ்லாப் படி தான். 2018 ஜனவரி 31க்கு முன்னாடி வாங்கின ஈக்விட்டி யூனிட்டுக்கு அன்னிக்கு இருந்த என்.ஏ.வி. வரைக்குமான லாபத்துக்கு வரி கிடையாது, இத கையில கணக்கு போடாதீங்க, கேம்ஸ்லயும் கே.ஃபின்டெக்லயும் கேப்பிட்டல் கெய்ன் ஸ்டேட்மென்ட் கேட்டா அவங்களே போட்டுத் தருவாங்க. நாங்க பண்ணது என்னன்னா, மார்ச் மாசத்துல 1.25 லட்சம் லாபத்துக்குள்ள வர்ற அளவு கொஞ்சம் எடுத்தோம், ஏப்ரல் பொறந்ததும் அடுத்த வருஷக் கணக்குல மிச்சத்த எடுத்தோம், ஆபரேஷன் செலவும் ஆச்சு, வரியும் கட்டல.

எடுக்கறதுக்கு மூணு மணிக்கு முன்னாடி குடுத்தா அன்னிக்கு என்.ஏ.வி., ஈக்விட்டின்னா ரெண்டு வேலை நாள்ல பேங்க்ல வந்துரும். ஆனா எந்த பேங்க்ல? பெரியப்பா அந்த பேங்க் மேல கோவத்துல அக்கவுண்ட்ட மூடிட்டார், ஃபோலியோவுல அதே நம்பர் தான். கேன்சல் பண்ண செக்கு குடுத்து பேங்க்க மாத்தணும், மாத்தினதும் பத்து நாள் வரைக்கும் பணம் எடுக்க விடாம நிறுத்தி வைப்பாங்க, ஃப்ராடு நடக்காம இருக்க. ஆஸ்பத்திரி தேதிய வச்சுக்கிட்டு இத தெரிஞ்சுக்காதீங்க.

அப்புறம் நம்ம ஊருக்கே உரிய தலைவலி, இனிஷியல். பான் கார்டுல அப்பா பேரு விரிஞ்சு முன்னாடி நிக்கும், ஆதார்ல இனிஷியல் முன்னாடி, பேங்க்ல இனிஷியல் பின்னாடி. இதால கே.ஒய்.சி. "ஹோல்டு"ன்னு நிக்கும். கே.ஒய்.சி. பதிவ வச்சிருக்கற கே.ஆர்.ஏ. ஏஜென்சிங்க வெப்சைட் எதுலயாவது பான் நம்பர் போட்டு ஸ்டேட்டஸ் பாருங்க, வேலிடேட்டட்னு இருந்தா நிம்மதி, ஹோல்டுன்னா ஆதாரயும் பானயும் ஒரே மாதிரி ஆக்கிட்டு கே.ஒய்.சி. திரும்ப பண்ணுங்க. பேரப்பிள்ளை பேர்ல மைனரா போட்டது இருந்தா, பிள்ளைக்கு 18 ஆன அன்னிக்கே எஸ்.ஐ.பி. நின்னு ஃபோலியோ முடங்கும், பிள்ளையோட கே.ஒய்.சி., பேங்க் விவரம் எல்லாம் குடுத்து மேஜரா மாத்தணும்.

நாமினி இடத்த கண்டிப்பா பாருங்க. ஏழுல நாலு காலியா இருந்துச்சு, ஒண்ணுல பெரியப்பாவோட அம்மா பேரு, பாட்டி போயி பத்து வருஷம் ஆச்சு. நாமினி மாத்தறது ஆன்லைன்ல ஓ.டி.பி.லயே அஞ்சு நிமிஷம் தான், இல்லாம போனா வாரிசு சான்றிதழ்னு தாலுகா ஆபீஸுக்கு பெரியம்மா தான் நடக்கணும்.

இன்னும் எங்கயாவது மறந்து போன ஃபோலியோ இருக்கோன்னு சந்தேகம் இருந்தா, 2025ல செபி மித்ரான்னு ஒரு தேடுற வசதி கொண்டு வந்துச்சு, பத்து வருஷமா யாரும் தொடாத ஃபோலியோக்கள அதுல தேடலாம், அதுவும் கேம்ஸ், கே.ஃபின்டெக் ரெண்டு பேரும் நடத்துறது தான். பான் கட்டாயம் ஆகறதுக்கு முன்னாடி வாங்கின பழைய யூனிட்டுங்க சி.ஏ.எஸ்.ல வராம போக வாய்ப்பு இருக்கு, பேரு, பழைய அட்ரஸ் பின்கோடுன்னு எல்லாம் போட்டு தேடுங்க. எதுக்காவது பதில் வரலன்னா மொதல்ல ஃபண்ட் கம்பெனிக்கு எழுத்துல கம்ப்ளைன்ட், அப்பவும் சரியாகலன்னா செபியோட ஸ்கோர்ஸ் தளத்துல போடுங்க, அங்க போட்டதும் ஃபண்ட் கம்பெனிக்காரங்களே ஃபோன் பண்ணுவாங்க, அனுபவம்.

எங்க ஏழு ஃபோலியோ இப்ப மூணு ஆயிருக்கு. சி.ஏ.எஸ். பிரிண்ட் ஒண்ணு பீரோவுல, ஒண்ணு பெரியம்மா கிட்ட. பெரியப்பா மாசா மாசம் கால்குலேட்டர் எடுத்து ஒரு வரிய வகுத்துப் பாக்கறார், அந்த 25 பைசா மட்டும் இன்னும் அவருக்கு ஆத்திரம் தீரல.